இடமாகச் சுற்றிய பேஸ்பால்காரர்கள்

பாதி உரித்த வெங்காயத்தோடு அம்மா டி.வி. முன்னால் வந்து நின்றாள்.

திரையில் குண்டாக, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பொம்மை மனிதன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். அவன் அடித்த பந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது. இனி யாரும் அவனை அவுட்டாக்க முடியாது. அதனால் அவசரமே இல்லாமல், டின்டின் என்று ஒரு பாட்டுக்கு, நான்கு மூலையையும் தொட்டுக்கொண்டு வந்தான்.

"இவன் ஏன்டி இந்தப் பக்கமா சுத்துறான்?"

"எந்தப் பக்கமா?"

"இடமா."

நானும் என் சினேகிதி சபீனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஆறாம் வகுப்பிலிருந்து ஆடிய ஆட்டம். ஒரு நாளும் எங்களுக்கு அது தோன்றியதில்லை. கீழே மட்டை பிடிக்கிறான், முதலில் வலது மூலைக்கு ஓடுகிறான், பிறகு மேலே, பிறகு இடது மூலை, கடைசியில் கீழே. அம்மா வெங்காயத்தால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். சந்தேகமே இல்லை. இடம்தான்.

"அம்மா, இது கோயில் இல்ல. பேஸ்பால்."

"எதுவா இருந்தா இன்னா? ஊரே மலைய வலமா சுத்துது. என் வூட்ல மட்டும் ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா இடமா சுத்திகினு இருக்கான். நாளைக்கி பௌர்ணமி. இத பாத்துட்டு நான் எப்படிடி கிரிவலம் போறது?"

"பாக்காம போங்க ஆன்ட்டி" என்றாள் சபீனா.

"பாத்துட்டனே!"

அம்மா கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இருநூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பழகியவள். பொம்மை மனிதனும் அவளுக்கு வரிசையை உடைத்தவன்தான்.

மட்டை உண்டு, ஸ்டம்ப் இல்லை

அந்த வீடியோ கேம் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சபீனாவின் தாய்மாமா குவைத்திலிருந்து கொண்டு வந்தது அது. சாம்பல் நிறப் பெட்டி, ஒயர் வைத்த, பட்டன் அமுக்கி ஆடுகிற இரண்டு கைப்பிடிகள், ஒரே ஒரு மஞ்சள் கேசட். அதற்குள் ஏகப்பட்ட ஆட்டங்கள் இருப்பதாக மேலே எழுதியிருக்கும். உண்மையில் இருந்தவை ஒன்பது. மற்றதெல்லாம் அதே ஒன்பதுக்கு வேறு வேறு பெயர். அதை முதலில் கண்டுபிடித்து நோட்டில் எழுதியவள் நான். சபீனாவுக்கு அது பிடிக்கவில்லை. எண்ணாமல் இருந்திருந்தால் இன்னும் நிறைய இருந்திருக்கும் என்பது அவள் கட்சி.

அவள் வீட்டில் டி.வி. கிடையாது. எங்கள் வீட்டில் எப்போதும் நாலைந்து இருக்கும். எல்லாம் அடுத்தவர்களுடையவை. அப்பா டி.வி. மெக்கானிக். வீட்டின் முன் அறைதான் கடை. அதனால் பெட்டி அவளுடையது, டி.வி. எங்களுடையது என்று ஒப்பந்தம்.

பேஸ்பால் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. விதிமுறைத் தாள் ஜப்பானிய மொழியில் இருந்தது. எனவே எங்களுக்குத் தெரிந்த கிரிக்கெட்டை வைத்து அதற்கு நாங்களே சட்டம் எழுதினோம். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சில வரிகளை அப்படியே தருகிறேன்:

1. ஒரு மூலைக்கு ஓடினால் ஒரு ரன். டி.வி.க்கு இது தெரியாது. ஆகையால் டி.வி. காட்டும் ஸ்கோரை நம்பக் கூடாது.

2. சுவரைத் தாண்டினால் ஆறு.

3. ஸ்டம்ப் இல்லாததால் போல்டு கிடையாது. ஆனாலும் மூன்று பந்து விட்டால் வெளியே போகச் சொல்கிறார்கள். காரணம் தெரியவில்லை.

4. கீப்பர் உட்கார்ந்தே இருப்பார். முதுகு வலி இருக்கலாம்.

நாலாவது விதி சபீனா சேர்த்தது.

இந்தச் சட்டத்தின்படி ஒரு ஆட்டத்தில் நான் நூற்றுப் பதினேழு எடுத்தேன். டி.வி. பன்னிரண்டு என்று காட்டியது. டி.வி.க்குக் கணக்கு வராது என்று அப்பாவிடம் புகார் செய்தேன். அப்பா சர்க்யூட் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யோசித்தார். என் அப்பா அப்படிப்பட்டவர். குழந்தை சொன்னாலும் கம்ப்ளெயின்ட் கம்ப்ளெயின்ட்தான்.

முப்பது நாள்

அம்மா வெங்காயத்தோடு நின்றது அதற்கெல்லாம் பல வருடம் கழித்து. நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். சபீனா வாணியம்பாடியில் கல்லூரி விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். வந்தவள் பரண் மேல் கிடந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டி, மஞ்சள் கேசட்டை வாயால் ஊதிச் செருகினாள். ஓடியது. அப்படித்தான் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினோம்.

ஆனால் அந்த விடுமுறையில் எனக்கு ஆட்டத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. அப்பாவின் ஸ்டூல்.

கடையில் வேலை செய்ய அப்பா என்னை அனுமதித்திருந்தார். ஆனால் உள்ளே, துணி தொங்கவிட்ட மறைவுக்குப் பின்னால். தெருவைப் பார்த்த பெஞ்சில், வருகிறவர்கள் எதிரில் உட்கார்ந்து செட்டைத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்டால், "ஜனங்க நம்ப மாட்டாங்கம்மா. ஒரு புள்ள கை வெச்சுதுன்னு தெரிஞ்சா நல்லா ஓடுற செட்டுகூட அவங்களுக்கு ரிப்பேரா தெரியும்" என்பார்.

போன வாரம் இந்தத் தொடரில் ஆன்டெனா பற்றி நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, உங்கள் அப்பா மிகவும் கண்டிப்பானவரோ என்று கேட்டிருந்தார். இல்லை. அவர் பயந்தவர். கம்ப்ளெயின்டுக்குப் பயந்தவர். ஒரு செட் திரும்பி வந்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நான் விடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தார்.

"முப்பது நாள். உன் கை பட்ட செட்டு ஒண்ணுகூட கம்ப்ளெயின்ட்டுனு திரும்பி வரக் கூடாது. வரலன்னா முன்னாடி ஸ்டூல் உனக்கு. வந்துச்சுன்னா படிப்பு முடியிற வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். வெங்காயச் சம்பவம் நடந்தது இருபத்தேழாம் நாள். அதுவரை பதினோரு செட். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இரண்டு ஒயர்

அம்மாவின் தீர்ப்பு தெளிவாக இருந்தது. அவன் வலமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வீட்டை விட்டுப் போக வேண்டும்.

சபீனா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பிக்சர் டியூபின் கழுத்தில் யோக் காயில் என்று ஒன்று மாட்டியிருக்கும். படத்தை இடமிருந்து வலமாக வரைய வைப்பது அதுதான். அதற்குப் போகிற இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டால், படம் வலமிருந்து இடமாக வரையப்படும். எல்லாம் பக்கம் மாறிவிடும். இடது வலதாகும், வலது இடதாகும். வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செய்து பார்க்க யாரும் விடவில்லை.

வீட்டு டி.வி.யில் கை வைத்தால் அம்மாவின் சீரியல் பக்கம் மாறிவிடும். அதற்குப் பிறகு நான் எந்தப் பக்கம் சுற்றினாலும் புண்ணியம் இல்லை. கடையில் ஒரு சின்ன ப்ளாக் அண்ட் ஒயிட் செட் இருந்தது. பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் இருந்த சலூன்காரர் கஜேந்திரனுடையது. படம் குறுக்கே ஒரே கோடாகச் சுருங்கிவிட்டது என்று கொண்டு வந்து போட்டிருந்தார். முந்தின நாள்தான் நான் அதைச் சரி செய்து, அப்பாவும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அலமாரியில் வைத்திருந்தார்.

பௌர்ணமி அன்று காலை அப்பா ஒரு லாட்ஜுக்குக் கேபிள் வேலையாகப் போனார். நான் செட்டைத் திறந்தேன். பத்து நிமிடம். இரண்டு ஒயர். அரை மணி நேரம் ஆடிவிட்டு மறுபடி மாற்றிவிடலாம் என்பது திட்டம்.

ஆட்டம் ஓடியது. அவுட் என்பதற்கு ஆங்கிலத்தில் போடுகிற மூன்று எழுத்தும் பின்னாலிருந்து முன்னால் வந்தன. பொம்மை மனிதன் அடித்தான், ஓடினான். இடது மூலை, மேல் மூலை, வலது மூலை, கீழே.

அம்மாவைக் கூப்பிட்டோம். கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அவன் ஒரு முழுச் சுற்று வரும் வரை நின்று பார்த்தாள்.

"இப்ப பாரு, எவ்ளோ லட்சணமா சுத்துறான்!"

"ஆன்ட்டி, என்னாலதான் ஒண்ணும் ஆட முடியல" என்றாள் சபீனா. வலது பட்டனை அமுக்கினால் ஆள் இடது பக்கம் போனான். பந்தை ஆளில்லாத மூலைக்கே எறிந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிராக எழுபத்திரண்டு ரன் எடுத்திருந்தேன், எங்கள் கணக்கில்.

"ஓடுறவன் ஒழுங்கா ஓடுறான் இல்ல? அப்புறம் தோத்தா இன்னா?" என்று அம்மா உட்கார்ந்தே விட்டாள். அடுத்த ஆள் மூன்றாவது மூலையில் அவுட்டானபோது, "அய்யோ, பாவம், முக்காவாசி சுத்திட்டானே!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

அந்த நேரத்தில் கரன்ட் போயிற்று.

பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் கரன்டில்தான் சூடாகும். ஒயரை மாற்ற வழியில்லை. பின் மூடியை மட்டும் மாட்டி, செட்டை அலமாரியில் வைத்துவிட்டு, கரன்ட் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சபீனா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவள் அம்மா பருப்பும் கறியும் போட்டுச் செய்கிற தால்ச்சாவைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதலாம். அன்று நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு முறையோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது அலமாரி காலி.

"கஜா வந்து எடுத்துனு போயிட்டான்" என்றார் லாட்ஜிலிருந்து திரும்பியிருந்த அப்பா. "ரெண்டரைக்கு மேட்ச்சாம். சலூன்ல ஆளுங்க காத்துனு இருக்காங்களாம்."

"போட்டுக் காட்டிக் குடுத்தீங்களாப்பா?"

"கரன்ட் எங்க இருக்குது? நேத்தே நீ பாத்த, நானும் பாத்தேன். உன் வேலம்மா, நல்லாத்தான் இருக்கும்."

அவர் என்னை அப்படிப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

பதினோரு ஜெராக்ஸ்

நெருக்கடி வந்தால் நான் பட்டியல் போடுவேன். அன்றும் போட்டேன். ஒன்று, அப்பாவிடம் சொல்வது. இரண்டு, சலூனுக்குப் போய் செட்டைக் கேட்பது. மூன்று, கரன்ட் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்வது. மூன்றாவதை உடனே ஆரம்பித்தேன். இரண்டாவதற்குச் சபீனாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆண்கள் சலூனுக்குள் இரண்டு பெண்கள் நுழைவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். அங்கே நின்றோம். சும்மா நிற்க முடியாது என்பதால் சபீனா தன் ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"எத்தினி பரீட்சைமா எழுதுற?" என்றார் கடைக்காரர்.

"எழுதினதுதாங்க. ஞாபகத்துக்கு."

தெருவிலிருந்து பார்த்தால் சலூனில் டி.வி. தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களும், முகத்தில் நுரையோடு ஒருவரும் மட்டும் தெரிந்தார்கள்.

கரன்ட் வந்தது. என் வேண்டுதல் பலிக்கவில்லை.

முதலில் கிரிக்கெட் கூட்டத்தின் இரைச்சல். பிறகு ஒரு குரல்: "டேய், இன்னாடா இது!"

"எல்லாம் மாறிக்கீதே!"

"கண்ணு கிண்ணு கெட்டுப் போச்சா எனக்கு? போன மேட்ச் வரைக்கும் இவன் லெப்ட்டு தானே?"

"கஜா, செட்ட இன்னா பண்ணி எடுத்தாந்த?"

நுரை முகத்தோடு இருந்தவர் துண்டோடு தெருவுக்கே ஓடி வந்து, பக்கத்து டீக்கடையைப் பார்த்து, "வந்து பாருங்கய்யா, வந்து இந்த அதிசயத்த பாருங்க!" என்று கத்தினார். டீக்கடை மொத்தமும் கிளாசோடு சலூனுக்குள் போயிற்று.

"ஊரையே சாட்சிக்குக் கூப்புட்றாங்கடீ" என்றாள் சபீனா. அவள் கையில் பதினோரு ஜெராக்ஸ் இருந்தது.

நான் கணக்குப் போட்டேன். இருபத்தெட்டாம் நாள். பன்னிரண்டாவது செட். இவ்வளவு பேர் பார்க்க இவ்வளவு பெரிய கம்ப்ளெயின்ட் அப்பாவின் கடைக்கு இதுவரை வந்ததில்லை. ஸ்டூல் போனது போனதுதான். அதைவிட அவர் அன்று எப்படிச் சாப்பிடுவார் என்பதுதான் உறுத்தியது.

வீட்டுக்குப் போனால் அப்பா மறுபடி லாட்ஜுக்குப் போயிருந்தார். அம்மா கிரிவலத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, சொல்ல வேண்டியவற்றை எண் போட்டு எழுதியும் வைத்தேன்.

கஜேந்திரன் வந்தார்

நான் சொல்லும் முன்னால் அவர் வந்துவிட்டார். சட்டைப் பையில் சீப்பு, தோளில் துண்டு.

"மெக்கானிக்கண்ணே! என் செட்டுல இன்னா பண்ணீங்க?"

அப்பாவின் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "ஏன் கஜா? படம் சுருங்குதா?"

"சுருங்கல. காலைல தூசி தொடைக்கலாம்னு மேல ஏறினேன். நேருக்கு நேரா பாக்குறேன், நியூஸ் வாசிக்கிற அம்மா பேரு திருப்பி எழுதிக்கீது!"

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் துணி மறைவிலிருந்து வெளியே வந்தேன். எழுதி வைத்த தாள் உள்ளே இருந்தது. ஆனாலும் வரிசை மாறாமல் சொன்னேன்.

"யோக்குல ரெண்டு ஒயர நான்தான் மாத்தினேன்பா. வீடியோ கேமுக்காக. திருப்பி மாத்துறதுக்குள்ள கரன்ட் போயிடுச்சு."

"கஸ்டமர் செட்டுல?"

"ஆமாம்பா."

அப்பா ஸ்டூலை விட்டு எழுந்தார். பிறகு கஜேந்திரனிடம், "செட்ட எடுத்துனு வாங்க. பத்து நிமிஷத்துல மாத்திக் குடுத்துடறேன். தப்பு எங்க மேல" என்றார்.

"மாத்துறதா? அதுல கைய வெச்சீங்கன்னா அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

அப்பாவுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"அண்ணே, என் கடைல டி.வி. எங்க இருக்குது? வாசலுக்கு மேல. ஆளுங்க எந்தப் பக்கம் பாத்துக் குந்தியிருப்பாங்க? கண்ணாடிய பாத்து. சேர்ல குந்தினவன் மேட்ச் பாக்க கழுத்த திருப்பினா என் கத்தி எங்க போவும்? பெஞ்சுல இருக்கிறவனும் கண்ணாடிலதான் பாக்கணும். நாலு வருஷமா எல்லாம் பக்கம் மாறித்தான் தெரிஞ்சுது. ஸ்கோரு போடுவான், ஒருத்தனுக்கும் படிக்க வராது. டீக்கடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டுனு வரணும். நேத்து கண்ணாடில பாக்குறேன், நம்பரு நம்பராவே இருக்குது! ரைட்டு ரைட்டா ஆடுறான்!"

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"தெருவே வந்து பாத்துட்டு போச்சு. வேங்கிக்கால்ல என் மச்சான் சலூன் வெச்சிருக்கான். அவனுக்கும் வேணுமாம்."

அப்பா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"அப்ப, இது கம்ப்ளெயின்ட்டு இல்ல?"

கஜேந்திரன் யோசித்தார். அவர் நேர்மையான மனிதர். "ஒரு கம்ப்ளெயின்ட் இருக்குது. ஷேவிங் முடிஞ்சவன் எவனும் எழுந்திருக்க மாட்டேங்கிறான்."

"அதுக்கு மெக்கானிக் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் அப்பா.

கஜேந்திரன் போன பிறகு அப்பாவிடம் எனக்குச் சரியாகத் திட்டு விழுந்தது. அடுத்தவர் செட்டில் விளையாடியதற்கு ஒரு பங்கு, செய்ததை எழுதி ஒட்டாமல் அலமாரியில் வைத்ததற்கு இரண்டு பங்கு. ஸ்டூலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. காலண்டரில் பென்சில் குறியை மட்டும் நிறுத்தாமல் போட்டேன். இருபத்தொன்பது. முப்பது.

முப்பத்தோராம் நாள் காலை நான் கடைக்குள் வந்தபோது, என் சால்டரிங் அயர்னும் குறடும் துணி மறைவுக்குப் பின்னால் இல்லை. தெருவைப் பார்த்த பெஞ்சில் இருந்தன. அப்பாவுடைய சாமான்கள் உள்ளே போயிருந்தன. அவரையும் காணவில்லை.

போய் உட்கார்ந்தேன். ஸ்டூல் எனக்கு உயரம் ஜாஸ்தி. கால் தரையில் எட்டவில்லை. தெருவில் போன பால்காரர் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். எழுந்துவிடலாமா என்று இருந்தது.

அப்போது ஒருவர் சைக்கிள் கேரியரில் டி.வி.யை முடி வெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வேங்கிக்கால் மச்சான். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"மெக்கானிக் இல்லியாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் துணி மறைவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"எதிர்ல உக்காந்துகினு இருக்குதே, தெரியல?"